எடை பார்த்து எழுதும் தீர்ப்பு

"எண்ணூறு கிராம் குழந்தை. குடல் வேறு அழுகிவிட்டது. கத்தி வைத்தால் தாங்காது. தாங்கினாலும் உருப்படியாக வளராது." குறைமாதக் குழந்தைகள் வார்டின் வாசலில் இந்த நான்கு வாக்கியங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். சில சமயம் மருத்துவர் சொல்வார், பல சமயம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். "கையளவு உசுரு, அதைப் போய் அறுக்கணுமா மாப்ளே, விட்டுடுங்க" என்று மாமியார் சொல்லும்போது அதில் கொடுமை எதுவும் இல்லை. பேரப்பிள்ளை படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காத மனசுதான் அப்படிப் பேசவைக்கிறது. இரக்கத்தோடு சொல்லப்படுவதாலேயே அதை எதிர்த்துப் பேச யாரும் துணிவதில்லை. அப்பா ஒரு தாளில் கையெழுத்துப் போடுகிறார். குழந்தை துணியில் சுற்றப்பட்டு வீட்டுக்குப் போகிறது.

அந்த நான்கு வாக்கியங்களில் முதலாவது மட்டும்தான் தராசு காட்டும் உண்மை. இரண்டாவது பல நேரங்களில் அவசரத்தில் சொல்லப்படுவது. மூன்றாவதையும் நான்காவதையும் உலகம் முறையாகச் சோதித்துப் பார்த்துவிட்டது. முடிவுகள் அச்சாகி ஆண்டுகள் பலவாகின்றன. ஆனால் வார்டு வாசலில் பேச்சு மாறவில்லை.

நோயை முதலில் பார்த்துவிடலாம். நெக்ரோடைசிங் என்டரோகொலைட்டிஸ் என்பது அதன் பெயர், வார்டில் சுருக்கமாக என்.இ.சி. என்பார்கள். 28 வாரத்தில், 30 வாரத்தில் பிறந்த குழந்தை முதல் சில நாள்களைத் தாண்டிவிடுகிறது. மூச்சுக்கருவி எடுக்கப்படுகிறது. குழாய் வழியே பால் சொட்டுச் சொட்டாக ஏறுகிறது. 'பெட்டியிலிருந்து' எப்போது வெளியே எடுப்பார்கள் என்று அம்மா கேட்கத் தொடங்கும் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில்தான் இது பெரும்பாலும் வருகிறது. கொடுத்த பால் செரிக்காமல் குழாயில் பச்சையாகத் திரும்பும். வயிறு உப்பிப் பளபளக்கும். மலத்தில் ரத்தம் தெரியும். எக்ஸ்ரே எடுத்தால் குடல் சுவருக்குள்ளேயே காற்றுக் குமிழிகள் வரிசையாக நிற்பது தெரியும். முதிராத குடல், அதில் தவறான கிருமிகளின் பெருக்கம், அடங்காத அழற்சி, குறைந்த ரத்த ஓட்டம் எல்லாம் சேர்ந்து குடலின் ஒரு பகுதியைச் சாகடிக்கின்றன. அமெரிக்காவின் மார்ட்டின் பெல் 1978இல் வகுத்த மூன்று நிலைகளைக் கொண்டுதான் இன்றும் நோயின் கடுமையை அளக்கிறார்கள்.

இதில் பலரும் அறியாத ஒன்று உண்டு. நோய் வந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்குக் கத்தியே தேவைப்படுவதில்லை. பாலை நிறுத்தி, வயிற்றுக் குழாயைத் திறந்துவிட்டு, நரம்பு வழியே ஊட்டமும் ஆன்டிபயாட்டிக்கும் கொடுத்து, ஆறு மணி நேரத்துக்கொரு முறை எக்ஸ்ரே எடுத்துக் காத்திருந்தால் குடல் தானாகத் தேறிவிடுகிறது. குடல் ஓட்டையாகி வயிற்றறைக்குள் காற்று புகுந்த குழந்தைகளுக்கும், மருந்தெல்லாம் கொடுத்தும் நிலை இறங்கிக்கொண்டே போகும் குழந்தைகளுக்கும்தான் அறுவை. ஆக, 'குடல் நோய்' என்ற சொல்லைக் கேட்டவுடன் கையெழுத்துப் போட்டு வெளியேறும் குடும்பம், மருந்திலேயே பிழைத்திருக்கக்கூடிய குழந்தையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போகிறது.

"குடல் அழுகிவிட்டது" என்ற இரண்டாவது வாக்கியத்துக்கும் ஒரு திருத்தம் தேவை. மிகச் சிறிய குழந்தைகளுக்கு முதல் வாரத்திலேயே, பெரும்பாலும் சிறுகுடலின் கடைசிப் பகுதியில், ஓர் இடத்தில் மட்டும் ஓட்டை விழுவதுண்டு. அது வேறு நோய். ஓட்டையைச் சுற்றியுள்ள குடல் இளஞ்சிவப்பாக, உயிரோடு இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்: உப்பிய வயிறு, எக்ஸ்ரேயில் காற்று. ஆனால் பிழைக்கும் வாய்ப்பும் சிகிச்சையும் வேறு வேறு. இரண்டையும் ஒரே பெயரில் அழைத்து ஒரே முடிவைச் சொல்வது மருத்துவமாகாது.

இனி, "கத்தி வைத்தால் தாங்காது."

இந்தப் பயம் மருத்துவர்களுக்கும் இருந்தது. அதைப் போக்கும் வழியையும் அவர்களே தேடினார்கள். 1977இல் டொரோன்டோ குழந்தைகள் மருத்துவமனையின் சிக்மண்ட் ஐனும் அவருடைய சகாக்களும் ஐந்து குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். முழு மயக்கம் கொடுக்க முடியாத அளவு மோசமான நிலையில் இருந்த குழந்தைகள். அறுவை அரங்குக்குக் கொண்டுபோகாமல், அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்து, சின்னக் கீறல் வழியே வயிற்றறைக்குள் ஒரு வடிகுழாயை வைத்தார்கள். தேங்கிய காற்றும் அழுக்கும் வெளியே வந்தன. உப்பிய வயிறு மேலே தள்ளியதால் விரிய முடியாமல் தவித்த நுரையீரலுக்கு இடம் கிடைத்தது. பெரிய அறுவை வரை உயிரைப் பிடித்து வைக்கும் தற்காலிக ஏற்பாடாகத்தான் அதைத் தொடங்கினார்கள். பின்னாளில் சில குழந்தைகளுக்கு அந்தக் குழாய்க்குப் பிறகு வேறு அறுவையே தேவைப்படவில்லை என்பதும் தெரியவந்தது.

வயிற்றைத் திறந்து அழுகிய பகுதியை வெட்டி எடுப்பது நல்லதா, குழாய் மட்டும் வைப்பது நல்லதா என்ற வாக்குவாதம் முப்பது ஆண்டுகள் நடந்தது. 2006இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வட அமெரிக்க மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு ஒன்று வெளியானது. ஒன்றரைக் கிலோவுக்குக் குறைந்த, குடல் ஓட்டையான 117 குழந்தைகள். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு வடிகுழாய், மீதிப் பேருக்கு அறுவை. தொண்ணூறு நாளில் இறந்தவர்கள் குழாய் வைத்தோரில் 34.5 சதவீதம், அறுவை செய்தோரில் 35.5 சதவீதம். அறிஞர்கள் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை என்பதைத்தான் பேசினார்கள். பெரம்பலூர் மாவட்டத்து ரஞ்சன்குடியிலிருந்து படிக்கும் வாசகர் வேறொன்றைக் கவனிக்க வேண்டும்: எந்த வழியில் போனாலும் மூன்றில் இரண்டு குழந்தைகள் உயிரோடு இருந்தன. வயிறு திறக்கப்பட்ட குழந்தைகளும் அப்படித்தான். 'தாங்காது' என்ற சொல்லுக்கு இதைவிட நேரான பதில் கிடையாது.

ஒரு கிலோவுக்கும் குறைந்த குழந்தைகளை மட்டும் எடுத்துக்கொண்டு பல நாடுகளில் நடந்த இன்னொரு ஆய்வு 2008இல் வந்தது. அதில் 69 குழந்தைகள். ஆறு மாதத்தில் உயிரோடு இருந்தவர்கள் குழாய்ப் பிரிவில் 51.4 சதவீதம், அறுவைப் பிரிவில் 63.6 சதவீதம். எண்ணிக்கை சிறியது என்பதால் இந்த வேறுபாட்டைப் பெரிதாக்கக் கூடாது. ஆனால் குழாய் வைத்த குழந்தைகளில் முக்கால்வாசிப் பேருக்கு அடுத்த சில நாள்களுக்குள் வயிற்றைத் திறக்க வேண்டியே வந்தது. குழாய் வைத்தாயிற்று, கடமை முடிந்தது என்று உட்கார்ந்துவிட முடியாது என்பதற்கு இது எச்சரிக்கை. 2021இல் வெளியான அமெரிக்க ஆய்வு 310 குழந்தைகளைப் பார்த்து இதை இன்னும் தெளிவாக்கியது. ஒரே இடத்தில் ஓட்டை விழுந்த குழந்தைகளுக்குக் குழாய் போதுமானதாக இருக்கலாம். குடல் அழுகல் என்று அறுவைக்கு முன்பே கணிக்கப்பட்ட குழந்தைகளில், குழாய் வைத்தோரில் 85 சதவீதம் பேர் இறந்தார்கள் அல்லது வளர்ச்சிக் குறைபாட்டோடு இருந்தார்கள். அறுவை செய்தோரில் அது 69 சதவீதம். அதாவது எந்தக் குழந்தையைக் கத்திக்குப் பயந்து வீட்டுக்கு அனுப்புகிறார்களோ, அதே குழந்தைக்குத்தான் கத்தி அதிகம் உதவுகிறது.

இந்த ஆய்வுகள் பெரும்பாலும் பணக்கார நாடுகளில், ஒரு குழந்தைக்கு ஒரு செவிலியர் நிற்கும் வார்டுகளில் நடந்தவை. பெரம்பலூர், அரியலூர் நிலைமை வேறு என்று எதிர்வாதம் வரும். நியாயமான எதிர்வாதம்தான். ஆனால் அந்த வேறுபாடு எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். குடலை வெட்டி நுனியை வயிற்றின் வெளியே கொண்டுவந்து தைக்கும் வேலையை இந்தியக் குழந்தை அறுவை மருத்துவர்கள் திறமையாகவே செய்கிறார்கள். வேறுபாடு அதற்கு முன்னும் பின்னும் இருக்கிறது: குழந்தை எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தது, வழியில் உடம்பு சில்லிட்டதா, அறுவைக்குப் பிறகு நரம்பு வழி ஊட்டம் மூன்று வாரம் தடையில்லாமல் கிடைத்ததா, குழாய் நுழையும் இடத்தில் கிருமி ஏறாமல் செவிலியர் கை கழுவினாரா. இவை அத்தனையும் சரிசெய்யக் கூடியவை. குழந்தையின் எடையை மாற்ற முடியாது, இவற்றை மாற்றலாம்.

நான்காவது வாக்கியத்தின் பின்னால் ஓர் எண் இருக்கிறது. மேலே சொன்ன 2021 ஆய்வின் தலைப்புச் செய்தி அது: இரு பிரிவிலும் சுமார் எழுபது சதவீதம் குழந்தைகளுக்கு 'இறப்பு அல்லது நரம்பு வளர்ச்சிக் குறைபாடு'. இதைக் கேட்டவுடன் எழுபது சதவீதம் பாழ் என்று மனம் மொழிபெயர்த்துக்கொள்கிறது. அந்த எண் எப்படிக் கட்டப்பட்டது என்று யாரும் பெற்றோருக்குச் சொல்வதில்லை. இறந்த குழந்தையும், இரண்டு வயதை நெருங்கும்போது செய்யும் சோதனையில் மதிப்பெண் குறைந்த குழந்தையும் அதில் ஒரே கணக்கு. கை கால் இறுகிய குழந்தையும் காது கேளாத குழந்தையும் அதே கணக்கு. ஆய்வாளர்களுக்கு இப்படிச் சேர்த்து எண்ண வேண்டிய காரணம் இருக்கிறது. இறந்துபோன குழந்தைக்குக் குறைபாடு இருந்திருக்குமா என்று அளக்க முடியாது, அதனால் இரண்டையும் ஒன்றாக்குகிறார்கள். ஆனால் ஒரு தகப்பனிடம் முடிவைக் கேட்கும்போது மரணத்தையும் தாமதமாகப் பேசத் தொடங்குவதையும் ஒரே தட்டில் வைத்து நீட்டுவது அநீதி. அதே எண்ணைத் திருப்பிப் பார்த்தால், ஒரு கிலோ கூட இல்லாத, குடல் ஓட்டையான நூறு குழந்தைகளில் ஏறத்தாழ முப்பது பேர் குறிப்பிடத்தக்க குறைபாடு எதுவுமின்றி வளர்ந்தார்கள். இன்னொரு பங்கினர் ஏதோவொரு குறைபாட்டோடு வளர்கிறார்கள். ஒரு காலை லேசாக இழுத்து நடக்கும் பிள்ளை, கண்ணாடி போட்டுப் பள்ளிக்குப் போகும் பிள்ளை இந்த மாவட்டங்களில் எத்தனையோ வீடுகளில் செல்லமாக வளர்கிறது. அப்படிப்பட்ட பிள்ளை பிறக்கவே வேண்டாம் என்று அந்த வீடுகளில் போய் யாராவது சொல்வார்களா?

இங்கே இன்னொரு கேள்வியையும் தவிர்க்க முடியாது. இந்தியாவின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் சேர்க்கப்படும் பெண் குழந்தைகள் ஆண் குழந்தைகளைவிடக் குறைவு. நாடு முழுவதிலிருந்தும் கிடைக்கும் சேர்க்கைக் கணக்குகள் ஆண்டுதோறும் சொல்லும் செய்தி இது. உயிரியல் ரீதியாகப் பெண் குழந்தைகள் சற்று வலுவானவர்கள், அதனால் கொஞ்சம் குறையலாம். ஆனால் அது மட்டும்தான் காரணம் என்று நம்புவதற்கு நம் ஊர்களின் கடந்த காலம் இடம் தருவதில்லை. 'எண்ணூறு கிராம்' என்ற காரணம் கையில் இருக்கும்போது வேறு எந்தக் காரணத்தையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

குடலைப் பாதி வெட்டிவிட்டால் எப்படிச் செரிக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்வி. குடல் குறைந்துபோன குழந்தைக்கு மாதக்கணக்கில் நரம்பு வழி ஊட்டம் தேவைப்படலாம், கல்லீரல் பாதிக்கப்படலாம், இதை மறைக்கக் கூடாது. அதோடு இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: சிறுகுடல் கருவின் கடைசி மூன்று மாதங்களில் ஏறத்தாழ இரு மடங்காக நீள்கிறது. 1983இல் வெளியான அளவீட்டின்படி 19 முதல் 27 வாரம் வரையிலான கருவில் அதன் சராசரி நீளம் 115 சென்டிமீட்டர். 35 வாரத்துக்குப் பிறகு 248. நிறைமாதக் குழந்தை அந்த வளர்ச்சியை முடித்துவிட்டுப் பிறக்கிறது. 27 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு அது இனிமேல்தான் நடக்கவிருக்கிறது. மிஞ்சிய குடல் இன்னும் வளரும்.

"சின்ன உசுரைப் போட்டு வதைக்க வேண்டாம்" என்ற வாதம் எல்லாவற்றையும்விட வலுவானது. அதற்கான பதிலில் ஓர் இந்திய மருத்துவரின் பங்கு இருக்கிறது. எண்பதுகள் வரை உலகின் பெரிய மருத்துவமனைகளிலேயே பச்சிளங்குழந்தைக்கு வலி தெரியாது என்ற நம்பிக்கையில் போதிய வலிநீக்கி இல்லாமல் அறுவை செய்தார்கள். இந்தூரில் மருத்துவம் படித்துவிட்டு ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போன கே.ஜே.எஸ். ஆனந்த் 1987இல் லான்செட் இதழில் அதை உடைத்தார். குறைமாதக் குழந்தைகளுக்கு இதய அறுவையின்போது ஃபென்டனில் என்ற வலிநீக்கி கொடுத்தபோது உடலின் அதிர்ச்சி எதிர்வினை அடங்கியது, அறுவைக்குப் பிந்தைய சிக்கல்கள் குறைந்தன என்று அவரும் சகாக்களும் காட்டினார்கள். அதே ஆண்டு அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி, வலிநீக்கி இல்லாமல் அறுவை செய்வதை இனி ஏற்க முடியாது என்று அறிவித்தது. ஆகவே பாட்டி சொல்வது சரி, குழந்தைக்கு வலிக்கும். அந்த வலிக்கு மருந்து இருக்கிறது. அறுவை செய்யாமல் வீட்டுக்குக் கொண்டுபோனால் வலி நின்றுவிடாது. ஓட்டையான குடலோடு வயிறு வீங்கி, மருந்தில்லாமல், ஒரு நாளோ இரண்டு நாளோ கிடந்து சாகும் குழந்தைதான் உண்மையில் வதைபடுகிறது.

எல்லாக் குழந்தைக்கும் அறுவை செய்தே தீர வேண்டும் என்று இந்தக் கட்டுரை சொல்லவில்லை. வயிற்றைத் திறந்ததும் இரைப்பைக்குக் கீழே தொடங்கி மலக்குடல் வரை முழுக் குடலும் கறுத்துக் கிடக்கும் குழந்தைகள் உண்டு. அப்போது எதையும் வெட்டாமல் தைத்து மூடி, வலி தெரியாமல், அம்மா மடியில் விடைபெறச் செய்வதே சரியான மருத்துவம். இரு பக்க மூளையிலும் பெரிய ரத்தக்கசிவு ஏற்பட்ட குழந்தையின் விஷயத்திலும் பெற்றோர் வேறு முடிவெடுக்கலாம். ஆனால் அந்த முடிவுகள் குழந்தையைப் பார்த்து, சோதித்து, பெற்றோரோடு உட்கார்ந்து பேசி எடுக்கப்படுபவை. வாசலில் எடையைக் கேட்டு எடுக்கப்படும் முடிவுக்கு அந்தத் தகுதி கிடையாது.

இப்போது ரஞ்சன்குடிக்கு வருவோம். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையோரம் பழைய கோட்டை நிற்கும் ஊர், சுற்றிலும் பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் மானாவாரிக் காடு. இங்கே ஒரு பெண்ணுக்கு ஏழாம் மாதத்தில் வலி கண்டால் 108 வரும், பெரம்பலூர் மாவட்டத் தலைமை மருத்துவமனை அரை மணிக்குள் வந்துவிடும். அங்கிருந்து குழந்தை அறுவை மருத்துவரைத் தேடிப் போவதென்றால் திருச்சி அல்லது தஞ்சாவூர், முடியாவிட்டால் சென்னை எழும்பூர். பெரம்பலூர் மாவட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இல்லை. பக்கத்து அரியலூருக்கு 2022 ஜனவரியில், தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட பதினோரு கல்லூரிகளில் ஒன்றாக, அது வந்தது. ரஞ்சன்குடியிலிருந்து திருச்சி எழுபது, எழுபத்தைந்து கிலோமீட்டர், நாற்கரச் சாலை. உலகத்தின் பல ஏழை மாவட்டங்களுக்கு வாய்க்காத தூரம் இது, வாய்க்காத சாலை. ஒன்றரை மணி நேரத்தில் அறுவை மருத்துவர் கைக்குப் போய்ச் சேரக்கூடிய குழந்தை பிழைக்காது என்று சொல்வதற்குப் புவியியலும் துணை நிற்காது.

குழந்தை எப்போது புறப்படுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வயிறு உப்பத் தொடங்கிய அன்றே அனுப்பினால் ஒரு கதை. இரண்டு நாள் பார்த்துவிட்டு, குடல் ஓட்டையாகி, ரத்த அழுத்தம் விழுந்து, வயிற்றின் தோல் நீலம் பாரித்த பிறகு அனுப்பினால் வேறு கதை. பின்னால் போகும் குழந்தை அறுவை மேசையிலோ அதற்கு முன்போ இறக்கும். "பார்த்தீர்களா, சொன்னோமே, தாங்காது என்று" என்பார்கள். தாங்காது என்ற நம்பிக்கை தாமதத்தை உண்டாக்குகிறது, தாமதம் மரணத்தை உண்டாக்குகிறது, மரணம் அந்த நம்பிக்கைக்குச் சாட்சியாகிறது. இந்தச் சுற்றுக்குள் எத்தனை குழந்தைகள் போனாலும் நம்பிக்கை இன்னும் வலுவாகத்தான் வெளியே வரும்.

எட்டு மாதக் குழந்தை தங்காது, ஏழு மாதக் குழந்தை தங்கும் என்று நம் கிராமங்களில் சொல்வார்கள். தவறான கணக்கு, கருவில் கழியும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம்தான். ஆனாலும் ஏழாம் மாதத்தில் பிறந்ததைக் கைவிடக் கூடாது என்று ஒரு காலத்தில் நம்பிய ஊர் இது. கருவிகள் வந்த பிறகு அந்த உறுதி குறைவது முறையல்ல.

அரசு அலுவலகங்களில் இதே அவநம்பிக்கைக்கு நாகரிகமான வடிவம் ஒன்று உண்டு: "அறுவைக்குக் கொட்டும் பணத்தைத் தடுப்புக்குச் செலவிடலாம்." தடுப்பு பெரியது, அதில் சந்தேகமே இல்லை. பிரிட்டனில் ஆலன் லூக்காஸும் டி.ஜே. கோலும் 926 குறைமாதக் குழந்தைகளைப் பார்த்து 1990இல் எழுதினார்கள். புட்டிப்பால் மட்டும் குடித்தவர்களுக்கு, தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களைவிட ஆறு முதல் பத்து மடங்கு அதிகமாக இந்த நோய் வந்தது. பம்பாய் சயான் மருத்துவமனையில் அர்மிடா ஃபெர்னாண்டஸ் 1989இலேயே ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கிவிட்டார். தமிழ்நாட்டில் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலும் பிறகு திருச்சி, தஞ்சாவூர் உள்ளிட்ட ஊர்களிலும் அரசு தாய்ப்பால் வங்கிகள் வந்தன. குறைமாத வலி கண்ட தாய்க்குப் பிரசவத்துக்கு முன்பே போடும் ஸ்டீராய்டு ஊசி நுரையீரலோடு குடலையும் காக்கிறது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வில் அந்த ஊசி குழந்தை மரணத்தைக் குறைத்தது. பாலை மிக மெதுவாக ஏற்றினால் நோய் வராது என்று வார்டுகளில் நெடுங்காலம் நம்பினார்கள். 2800 குழந்தைகளைக் கொண்ட பிரிட்டிஷ் ஆய்வு 2019இல் அது உதவவில்லை என்று காட்டியது. ஆன்டிபயாட்டிக்கைத் தேவையின்றி நீட்டுவதும், வயிற்று அமிலத்தை அடக்கும் மருந்துகளும் நோயைக் கூட்டும் என்பதும் தெரிந்துவிட்டது.

இவ்வளவும் செய்த பிறகும் சில குழந்தைகளுக்கு நோய் வரும். முழுக்கத் தாய்ப்பாலே குடித்த குழந்தைக்கும் வரும். அந்தத் தாயிடம் போய், நம் பணமெல்லாம் தடுப்புக்குப் போய்விட்டது என்று சொல்ல முடியுமா? தடுப்பும் சிகிச்சையும் இரண்டு தனித்தனிப் பணப்பெட்டிகள் என்ற எண்ணமே பிழை. பாலின் அளவைக் குறித்துவைக்கும் செவிலியர்தான் வயிற்றின் சுற்றளவையும் அளக்கிறார், பச்சை நிறம் திரும்பியதை முதலில் பார்க்கிறார். அவருக்கு ஒன்பது குழந்தைகளைக் கொடுத்துவிட்டால் தடுப்பும் போகும், சிகிச்சையும் போகும்.

தமிழ்நாட்டுக்கு இதில் தனிப் பொறுப்பு இருக்கிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி மாநிலத்தில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடந்தன. ஆயிரம் குழந்தைகளில் முதல் ஆண்டுக்குள் இறந்தவர்கள் 18.6 பேர். அவர்களில் 12.7 பேர் முதல் 28 நாளுக்குள் இறந்தார்கள். வயிற்றுப்போக்கு, தடுப்பூசி போடாமை, வீட்டுப் பிரசவம் என்று எளிதாகக் குறைக்கக்கூடிய மரணங்களையெல்லாம் பெருமளவு குறைத்தாகிவிட்டது. மிஞ்சியிருப்பவர்களில் பெரும் பங்கினர் இந்தக் குறைமாதக் குழந்தைகள்தான். 2020இல் இந்தியாவில் குறைமாதத்தில் பிறந்தவர்கள் முப்பது லட்சம் பேர், உலகக் கணக்கில் ஐந்தில் ஒன்று. இந்தக் குழந்தைகளை விட்டுவிட்டு மரண விகிதத்தை இனி ஒரு புள்ளிகூடக் கீழே இறக்க முடியாது.

செலவு என்ற வாதமும் முழுதாக நிற்பதில்லை. அரசு மருத்துவமனையில் அறுவை இலவசம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை வழி உண்டு. குடும்பத்தை உண்மையில் நசுக்குவது வேறு செலவுகள். சிசேரியன் தையலோடு அம்மா பெரம்பலூரில் படுத்திருக்க, அப்பா கூலி வேலையை விட்டுவிட்டுத் திருச்சி மருத்துவமனை வராந்தாவில் மூன்று வாரம் படுத்திருக்கிறார். வெளியே கொண்டுவந்து தைத்த குடலில் ஒட்டும் பை தீர்ந்தால் மருந்துக்கடைக்கு அலைய வேண்டும். பிரிந்திருப்பதால் அம்மாவுக்குப் பால் வற்றுகிறது, குடல் அறுவை முடிந்த குழந்தைக்கு எது மிகவும் தேவையோ அதுவே கிடைக்காமல் போகிறது. குழந்தையை அனுப்பும்போது தாயையும் சேர்த்து அதே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும், அங்கே அவருக்கு ஒரு படுக்கை ஒதுக்க வேண்டும். இதற்குப் புதுக் கட்டடமோ வெளிநாட்டுக் கருவியோ தேவையில்லை, ஓர் ஆணை போதும்.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது வயிற்றுக் குழாய் திறந்திருக்க வேண்டும். குழந்தையின் உடம்பு சூடாக இருக்க வேண்டும். எக்ஸ்ரே கைப்பேசி வழியே முன்னாலேயே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், அறுவை மருத்துவரோடு ஒரு முறையாவது பேசியிருக்க வேண்டும். பயணத்தையே தாங்காத குழந்தைக்கு வடிகுழாய் வைக்கும் பயிற்சி மாவட்ட மருத்துவமனையின் பொது அறுவை மருத்துவருக்குக் கொடுக்கப்பட வேண்டும். அந்தக் குழாய் திருச்சிவரை உயிரைக் கொண்டுசேர்க்கும் ஏற்பாடு என்பதையும், அத்தோடு விட்டுவிடக் கூடாது என்பதையும் அதே பயிற்சியில் சொல்ல வேண்டும். அரியலூர் மருத்துவக் கல்லூரியில் இரவு இரண்டு மணிக்கும் பச்சிளங்குழந்தைக்கு எக்ஸ்ரே எடுக்க ஆளும், நரம்பு வழி ஊட்டம் கலந்து தரும் வசதியும், குழந்தை அறுவை மருத்துவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் நிற்கும் அணியும் வேண்டும். அப்படி வந்தால் இரண்டு மாவட்டங்களின் தூரக் கணக்கு வெகுவாகச் சுருங்கிவிடும்.

பெற்றோரிடம் பேசும் முறையும் மாற வேண்டும். "பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம். குழந்தை அறுவை மருத்துவர் பார்த்த பிறகு முடிவு செய்வோம்" என்று சொல்ல அரை நிமிடம் ஆகும். 'தாங்காது' என்று சொல்லவும் அதே நேரம்தான் ஆகும்.

பிழைத்து வீடு திரும்பும் குழந்தையைப் பின்தொடரும் அமைப்பும் நம்மிடம் இருக்கிறது. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தை நலத் திட்டத்தின் கீழ் மாவட்ட அளவில் ஆரம்பக்கால இடையீட்டு மையங்கள் வந்தன. குடல் அறுவை நடந்த ஒவ்வொரு குறைமாதக் குழந்தையின் பெயரும் அங்கே பதிவாக வேண்டும். கண் விழித்திரை, காது, எடை, நடை, பேச்சு என்று இரண்டு வயதுவரை பார்க்க வேண்டும், வராத குழந்தையைக் கிராமச் செவிலியர் தேடிப் போக வேண்டும். பெரம்பலூர், அரியலூர் மாவட்ட ஆட்சியர்கள் நடத்தும் சுகாதாரக் கூட்டங்களில் ஒவ்வொரு மாதமும் மூன்று எண்களை வாசிக்கச் சொல்லலாம்: குடல் நோய் என்று கண்டறியப்பட்ட குறைமாதக் குழந்தைகள் எத்தனை, அறுவை மருத்துவர் பார்த்தவர்கள் எத்தனை, கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் எத்தனை. மூன்றாவது எண்ணில் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்பதையும் சேர்த்து.